பழக்கம்தான், மறுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜெபமாலை மாதமான அக்டோபரைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை நான் செவ்வாய்க்கிழமைதான் படித்தேன். அதுவும் தேன்குழலை எண்ணெய் வடிய விரித்துப்போட்ட தாளில் படித்தேன். எழுதியவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. காரைக்குடியில் ஒரு ஆச்சி வீட்டில் 23 வருடமாகப் பலகாரம் சுடுகிறேன். அங்கே வரும் பேப்பர் எல்லாம் முதலில் ஆச்சியின் கண்ணாடிக்கு, அப்புறம் எங்கள் எண்ணெய்க்கு. பாதி எழுத்து ஊறிப்போய் பின்பக்கத்து விளம்பரத்தோடு கலந்திருந்தாலும் ஒரு கேள்வி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஒரே வரியை 50 தடவை சொல்வது பக்தியா, வெறும் பழக்கமா என்று கேட்டிருந்தார்.

பழக்கம்தான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் 50 இல்லை, 53. முதலில் வரும் 3 மணியை விட்டுவிட்டார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அதை 53 மணி ஜெபம் என்றே சொல்வார்கள். இந்தத் திருத்தத்தையாவது போட்டுவிடுங்கள். மீதியைப் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம்.

என்ன மாதிரிப் பழக்கம் என்று சொல்கிறேன். மாவு அப்பிய கையால் ஜெபமாலையைத் தொட முடியாது. அதனால் எனக்கு அடுப்புதான் ஜெபமாலை. இருப்புச்சட்டியில் ஒரு ஈட்டுக்கு 5 தேன்குழல் பிழிவேன். பிழிந்த உடனே எண்ணெய் நுரைத்துக்கொண்டு சத்தம் போடும். ஐந்தாவது 'அருள் நிறைந்த மரியே' முடியும்போது திருப்பிப் போட்டால் சரியாக இருக்கும். பத்தும் முடிந்து 'பிதாவுக்கும் சுதனுக்கும்' சொல்லும் நேரத்தில் நுரை அடங்கி, சத்தம் ஓய்ந்து, தேன்குழல் விறைத்துக்கொள்ளும். எடுத்துவிடலாம். ஆக, ஒரு ஈடு ஒரு பத்துமணி, 5 ஈடு ஒரு ஜெபமாலை. சில நாள் எட்டாவது மணியிலேயே சிவந்துவிடும். அதற்கு மாதா பொறுப்பில்லை, நான் தீயைக் கூட்டி வைத்திருப்பேன்.

மனசு அதிலேயே இருக்குமா என்றால், இருக்காது. மூன்றாவது ஈட்டில் சீட்டுப் பணம் வந்து நிற்கும். நான்காவதில் மருமகளிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வரும். ஒரு தடவை அப்படி எங்கேயோ போய்விட்டு நான் திரும்பி வருவதற்குள் ஒரு ஈடு முழுக்கக் கருகிவிட்டது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏத்தா, உங்க மாதாவைக் கொஞ்சம் சட்டியையும் பாத்துக்கிறச் சொல்லு" என்றார்கள். திட்டவில்லை. அந்த ஈட்டின் கூலியையும் பிடிக்கவில்லை.

இதில் ஒரு வேடிக்கை, ஜெபமாலை மாதமும் தீபாவளி ஆர்டரும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் வரும். அக்டோபர் பிறந்தால் எங்களுக்கு ராத்திரி பத்து மணிவரைக்கும் அடுப்பு அணையாது. வருடத்திலேயே நான் அதிக ஜெபமாலை சொல்வது ஊரார் வீட்டுத் தீபாவளிப் பலகாரத்துக்கு முன்னால் நின்றுகொண்டுதான். அக்டோபர் 7-ஆம் தேதி வரும் ஜெபமாலை மாதா திருநாள் 1571-இல் லெபாந்தோவில் நடந்த கடல் சண்டையின் ஜெயத்தில் பிறந்தது என்று கட்டுரையில் விவரமாக இருந்தது. சின்ன வயதில் உபதேசியாரும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார். இருக்கட்டும். எனக்குக் கடலும் தெரியாது, சண்டையும் தெரியாது.

எனக்குப் பிறந்த ஊர் சருகணிப் பக்கம். உயிர்ப்புத் திருநாளுக்குத் தேர் ஓடுமே, அந்தச் சருகணி. தேரை மருது பாண்டியர் கொடுத்ததாகச் சொல்வார்கள். சருகணியில் வாழ்ந்து 1973-இல் இறந்துபோன லெவே சாமியாரை அம்மா நேரில் பார்த்திருக்கிறாள். அவர் கல்லறைக்குப் போனால் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, உயிரோடு இருக்கிறவரிடம் பேசுகிற மாதிரி வீட்டுக் கதையெல்லாம் சொல்வாள். எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் ஜெபம். அம்மா முட்டிபோட்டால் நாங்களும் போட வேண்டும். தூங்கி விழுந்தால் தொடையில் ஒரு கிள்ளு. அவள் சொன்னது எல்லாம் பழைய ஜெபம். 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே', 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க'. பிரியதத்தம் என்றால் என்ன என்று நானும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அப்புறம் பூசை திருப்பலி ஆயிற்று, சர்வேசுரன் கடவுள் ஆனார், தபசுகாலம் தவக்காலம் ஆயிற்று. புது ஜெபம் நல்ல தமிழ்தான், குழந்தைகளுக்குப் புரிகிறது. நானும் கோயிலில் அதைத்தான் சொல்கிறேன். 2002-இல் இரண்டாம் ஜான் பால் பாப்பரசர் ஜெபமாலையில் தியானிக்கிற தேவ இரகசியங்களோடு ஒளியின் மறைபொருள்கள் என்று ஐந்தைச் சேர்த்து வியாழக்கிழமைக்கு வைத்தார். அம்மா மட்டும் சாகிறவரைக்கும் வியாழக்கிழமை, முன்பிருந்த சந்தோஷ தேவ இரகசியத்தைத்தான் சொன்னாள். "பாப்பு சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா எனக்கு வாய் திரும்பலையே" என்பாள்.

ஜெபமாலை முடிந்ததும் மாதா பிரார்த்தனை. அதில் மாதாவுக்கு எத்தனை பேர்! விடியற்காலத்தின் நட்சத்திரமே, பரலோகத்தினுடைய வாசலே, தாவீது ராஜாவின் உப்பரிகையே, தந்தமயமாயிருக்கிற உப்பரிகையே என்று அம்மா சொல்லச் சொல்ல நாங்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று முடிப்போம். உப்பரிகை என்றால் எனக்கு விளங்கவே இல்லை. எட்டு வயதில் அப்பாவோடு கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டுக்கு வேலையாகப் போனேன். முகப்பைத் தாண்டி உள்ளே போனால் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், கையை வைத்தால் வழுக்குகிறது, குளுகுளுவென்று இருக்கிறது. முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் மங்கலாக என் முகம் தெரிந்தது. மேலே அண்ணாந்து பார்த்தால் மாடி, வரிசையாகத் தூண், வெயில் ஒரு மூலையில் மட்டும் சாய்வாக விழுகிறது. இதுதான் தந்தமயமான உப்பரிகை என்று அன்றைக்கு நானே முடிவு செய்துகொண்டேன். பர்மா தேக்கில் செதுக்கிய அந்த நிலைக்கதவுதான் பரலோகத்தின் வாசல். இன்றைக்கும் அந்த வரி வந்தால் எனக்கு எருசலேம் தெரிவதில்லை, கானாடுகாத்தான்தான் தெரிகிறது. எங்கள் ஆச்சி ஒருநாள் அடுப்படி வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டு, "யாரு வீட்டு உப்பரிகையத்தா அது?" என்றார்கள். தாவீது ராஜா வீட்டுது என்றேன். "எந்த ஊர்ச் செட்டியாரு?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

கட்டுரையில் ஒரு விஷயத்தில் நான் எழுதியவர் பக்கம். திருவிழாக்கள் சத்தமாகிவிட்டன என்கிறார். உண்மை. போன வருடம் ஒரு ஊரில் சப்பரம் வரும்போது என் நெஞ்சுக்கூடு அதிர்கிற அளவுக்கு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். சப்பரத்தில் இருந்த சுரூபம் ஆடியது பக்தியினாலா, பாஸினாலா தெரியவில்லை. ஆனால் அவர் திருவிழாவை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார். உங்கள் பேப்பரும் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு ஒன்று என்று இரண்டு படம் போடுகிறது, அதோடு சரி. எங்கள் வேதம் மீதி நாட்களில்தான் இருக்கிறது. செவ்வாய் அந்தோணியாருக்கு, புதன் சகாய மாதா நவநாள், மாதத்தின் முதல் வெள்ளி திருஇருதயத்துக்கு. மார்ச் மாதம் சூசையப்பருக்கு, மே மாதா வணக்க மாதம். மே 1-ஐத் தொழிலாளரான சூசையப்பர் திருநாளாக 1955-இல் அறிவித்தார்கள். அன்றைக்கு முகூர்த்தம் இருந்தால் எங்களுக்கு இரட்டை வேலை. அவர் தச்சர், ஆர்டர் பிடித்து வேலை செய்தவர்தானே, புரிந்துகொள்வார்.

விபூதிப் புதனை இப்போது சாம்பல் புதன் என்கிறார்கள். எனக்குப் பழைய பேர்தான் பிடிக்கும். முந்தின வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசுவார்கள். பூசைக்குப் போய்விட்டு அப்படியே வேலைக்கு வருவேன். தினமும் மூன்று விரலால் விபூதி பூசுகிற ஆச்சி என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு ஒருநாள்தான் நீ நம்ம வீட்டுப் பொண்ணாட்டம் இருக்கே" என்பார்கள். ஒவ்வொரு வருடமும் இதே வார்த்தை. அன்றைக்கு எனக்கு ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான், பாகைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன். மனகோலம் என்கிற இனிப்புப் பலகாரத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சினால் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, உருட்டி, தட்டில் போட்டுப் பார்ப்பேன். டங் என்று சத்தம் வந்தால் பதம். காது போதும்.

ஆச்சிக்கும் எண்ணிக்கை உண்டு. கார்த்திகைத் தீபத்திலிருந்து நாளுக்கு ஓர் இழை என்று 21 நாள் நூல் எடுத்துச் சேர்த்து, பிள்ளையார் நோன்பு அன்றைக்குத் திரித்து, மாவில் வைத்துச் சுடரோடு எடுத்துக்கொள்வார்கள். அந்த நாட்களில்தான் நான் கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் கால ஞாயிறு நான்கையும் எண்ணிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் ஒருத்தர் இழை எண்ண, ஒருத்தர் ஞாயிறு எண்ண, ஆர்டர் நோட்டில் டப்பாக் கணக்கு தனியாக ஓடும்.

சரி, பழக்கத்தினால் என்ன கிடைத்தது என்று கேட்பார். ஒரு இரவைச் சொல்கிறேன். 2019 பிப்ரவரியில் வீட்டுக்காரரும் நானும் ஓரியூர்த் திருநாளுக்குப் போய் வந்தோம். போர்ச்சுக்கல்லிலிருந்து வந்து வேதம் போதித்த அருளானந்தர் 1693-இல் தலை வெட்டுப்பட்ட இடம். பிப்ரவரி 4 அவர் திருநாள். அங்கே மண் சிவப்பு, அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்பது எங்கள் நம்பிக்கை. வீட்டுக்காரர் கைக்குட்டையில் ஒரு பிடி முடிந்துகொண்டு வந்தார். பத்து நாள் கழித்து ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலி. மதுரைக்குக் கொண்டுபோனோம். அன்று ராத்திரி கண்ணாடிக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். சொந்தமாக ஒரு வார்த்தை சொல்லி வேண்ட வரவில்லை. கடவுளே என்றுகூட வரவில்லை. வாய் மட்டும் தானாக ஓடியது, அதுவும் அம்மாவின் பழைய ஜெபம். 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்'. ஐம்பது வருடமாகச் சொன்ன வரி. அதில் மரண நேரம் என்று ஒரு வார்த்தை இருப்பதே அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கையில் மாலை இல்லை, சுடுவதற்கு ஈடும் இல்லை. புடவைத் தலைப்பின் நுனியில் முடிச்சுப் போட்டுப் போட்டு எண்ணினேன். நாலு மணி சுமாருக்கு நர்ஸ் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டபோது பதினேழு முடிச்சு இருந்தது. அவற்றை அவிழ்க்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

அந்தச் செம்மண் இப்போது அடுப்படி அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. பார்க்க மிளகாய்த்தூள் மாதிரியே இருக்கும். ஒருதடவை குழம்புக்குப் போகப் பார்த்ததால் மேலே 'ஓரியூர்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

பேத்தி ஏழாவது படிக்கிறாள். "அப்பத்தா, மாதாவுக்குக் காது கேக்காதா? எதுக்கு இத்தன தடவ சொல்றீங்க?" என்று கட்டுரையாளர் கேட்டதையே அவளும் கேட்டாள். அவளுக்கும் என்னிடம் பதில் இல்லை. சூடாக ஒரு தேன்குழலைக் கையில் கொடுத்தேன். இந்த அக்டோபரில் பள்ளிக்கூடம் விட்டதும் பலகார வீட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறாள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "அப்பத்தா, ஒம்பதுதான் சொல்லிருக்கீங்க, எடுத்துறாதீங்க" என்கிறாள்.

என் பேரைப் போட வேண்டாம். காரைக்குடி வாசகி என்று போட்டால் போதும். பேரைப் போட்டால் கருகின ஈட்டுக்கதை யார் கடையில் என்று தெரிந்துவிடும், ஆச்சிக்குப் பிடிக்காது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போய் வீட்டுக்காரர் கல்லறைக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதற்குள் 40 கிலோ ஆர்டர் பாக்கி இருக்கிறது. மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டு வந்துதான் இதை எழுதினேன், காய்ந்துவிடும்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகி