எத்தனை டன்?

ஷார்ஜா
16.06.2017

மாப்ளே,

அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் போட்ட பெரிய குண்டு, 'குண்டுகளின் தாய்' என்கிறார்களே, அது வெடிக்கிறது என்று ஏப்ரலில் நீ அனுப்பிய வீடியோவுக்கு ஜூனில் பதில் எழுதுகிறேன், திட்டாதே. போனில் தட்டித் தட்டி எழுதினால் நாலு வரியில் முடிந்துவிடும், இது நாலு வரி விஷயம் இல்லை. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம், ஹோட்டல் ஒன்றும் திறந்திருக்காது, வெளியே நாற்பத்து மூன்று டிகிரி. அறையில் எல்லாரும் தூங்குகிறார்கள். ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டு விஷயம். பாப்பாவுக்கு நீட் முடிவு இன்னும் வரவில்லை என்று தெரியும், அதனால் அதைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். ஜிஎஸ்டியில் பட்டாசுக்கு 28 சதவீதம் போட்டதில் நம் சிவகாசியே கொதித்துக் கிடக்கிறதாமே, அண்ணன் சொன்னான். உன் அச்சகத்துக்கு என்ன கணக்கு என்று எழுது. எனக்கு இங்கே பழைய வேலைதான், அதே பெயின்ட் கம்பெனி, அதே கிடங்கு, ரமலான் என்பதால் இரண்டு மணி நேரம் முன்னாலேயே விட்டுவிடுகிறார்கள்.

சரி, குண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ அன்றைக்கு அனுப்பிய அந்தக் கலர் வீடியோ ஆப்கானிஸ்தானில் எடுத்ததே இல்லை. அது 2003 மார்ச்சில், ஈராக் போருக்குச் சில நாள் முன்னால், ஃப்ளோரிடாவில் எக்லின் விமானப்படைத் தளத்தில் சோதித்துப் பார்த்தபோது எடுத்தது. ஆப்கானிஸ்தானில் அச்சின் என்கிற மாவட்டத்தில் நிஜமாகப் போட்டதற்கு அமெரிக்கா வெளியிட்டது கருப்பு வெள்ளை, மேலே இருந்து எடுத்தது, மலைப் பள்ளத்தில் ஒரு புகை எழும்புவதோடு முடிந்துவிடும். அதில் பார்க்க ஒன்றும் இல்லை என்பதால்தானோ என்னவோ கலர் வீடியோ அப்படிச் சுற்றியது. கூடவே 'பாதி அணுகுண்டு' என்று எழுதியிருந்தாய். ஹிரோஷிமாவில் போட்டது 15,000 டன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம், இது 11 டன். ஆயிரத்து முந்நூறில் ஒரு பங்குகூட வராது. ஒரு குண்டு 1.6 கோடி டாலர் என்பதும் யாரோ கட்டிவிட்டது, அவர்கள் விமானப்படை சொன்ன கணக்கு ஒன்றுக்கு 1,70,000 டாலர். அதுவே நம் பணத்துக்கு ஒரு கோடிக்கு மேல், அது வேறு விஷயம். 'உங்க பக்கம் சத்தம் கேட்டுச்சா' என்று வேறு கேட்டிருந்தாய். நடுவில் கடலும் ஈரானும் கிடக்கிறது மாப்ளே, உலக வரைபடம் போட்ட காலண்டர் உன் ஆபீஸிலேயே தொங்குமே.

ஆனால் ஒருவிதத்தில் கேட்கத்தான் செய்தது.

ஏப்ரல் 13, வியாழக்கிழமை. இங்கே வெள்ளி லீவு, மறுநாள் சித்திரை ஒன்று, நானும் ரூம்காரர்களும் மார்க்கெட்டில் வேப்பம்பூ கிடைக்குமா என்று அலைந்துவிட்டு மாங்காயோடு திரும்பினோம். அங்கே நங்கர்ஹார் மாகாணத்தில் இரவு ஏழரை மணிக்குப் போட்டிருக்கிறார்கள், இங்கே அப்போது ஏழு. ஒரு மணி நேரத்தில் செய்தி வந்துவிட்டது. எங்கள் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆப்கானிஸ்தான் பட்டாணியன் ஒருவன் இருக்கிறான், எல்லாருக்கும் அவன் கான். எதிர் அறை. அச்சினுக்குப் பக்கத்து மாவட்டம்தான் அவன் ஊர், ஷின்வாரி இனத்தான். போனைக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறான், லைன் கிடைக்கவில்லை. நாங்கள் டிவி முன்னால். அதில் குண்டின் நீளம் முப்பது அடி, எடை கிட்டத்தட்ட பத்து டன் என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள், பக்கத்தில் ஒரு மனிதனை நிற்க வைத்து அளவு காட்டுகிறார்கள். எங்கள் ரூம் பையன் ஒருவன் வராந்தாவுக்குப் போய் கானிடமே கேட்கிறான், 'கான் பாய், எத்தனை டன் தெரியுமா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் வெடிச் சத்தம் கேட்டால் முதலில் என்ன கேட்போம்? எந்த ஆலை? அடுத்து, உள்ளே எத்தனை பேர்? அதற்குள் தெருவில் பாதிப் பேர் புகை வந்த திசைக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் அப்படி ஓடிப்போனவர்களும்தானே செத்தார்கள், கிட்டத்தட்ட நாற்பது பேர். எவ்வளவு மருந்து வெடித்தது என்று நீயோ நானோ அன்றைக்குக் கேட்டோமா? அது மூன்றாம் நாள் பேப்பரில் வந்தால் படிப்போம், இல்லாவிட்டால் இல்லை. இந்தக் குண்டுக்கு மட்டும் உலகமே எடையைத்தான் முதலில் கேட்டது. போட்ட இடம் கடைசி வரிக்குப் போய்விட்டது, அச்சின் என்ற பேரை ஒழுங்காக உச்சரித்த டிவி ஒன்றுகூட இல்லை. அது டால்க் கல் வெட்டுகிற பகுதி. எங்கள் பெயின்டில் சேர்க்க மூட்டை மூட்டையாக வருமே, அதே டால்க். எங்களுடையது எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று நான் மூட்டையைத் திருப்பிப் பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பிறகு பார்க்கிறேன்.

அந்தக் குண்டைப் பற்றிப் படிக்கும்போது ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். அதற்குள் போடுகிற மருந்துக்கு எச்-6 என்று பேர். ஆர்டிஎக்ஸ், டிஎன்டி, கொஞ்சம் மெழுகு, அப்புறம் ஐந்தில் ஒரு பங்கு அலுமினியப் பவுடர். அலுமினியப் பவுடர், மாப்ளே! அப்பா சாயங்காலம் ஆலையிலிருந்து வரும்போது காது மடல், புருவம், நகக்கண் எல்லாம் வெள்ளியாக மின்னுமே, அம்மா வாசலிலேயே சீயக்காயைக் கையில் கொடுத்து நிறுத்தி வைப்பாளே, அதே சாமான். எட்டரை டன் மருந்தில் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டன் இது இருந்திருக்கும். கணக்குப் போட்டதும் நானும் டன்னில் வந்து நிற்கிறேன் பார்.

போடுகிற விதமும் விசித்திரம். போர் விமானத்தில் ஏறாது, அவ்வளவு பெரிசு. சரக்கு விமானத்தின் பின்பக்கக் கதவைத் திறந்து, பாராசூட் கட்டிய பலகையோடு இழுத்துத் தள்ளுகிறார்கள், வெளியே வந்ததும் பலகை கழன்றுவிடும், அதன் பிறகு செயற்கைக்கோள் வழிகாட்ட வால்பக்கத் தட்டிகளை ஆட்டி ஆட்டித் தானே இறங்குகிறது. நிலத்தைத் துளைக்காது. தரைக்குச் சற்று மேலே வெடித்து காற்றழுத்தத்தாலேயே நொறுக்கும். அச்சினில் பதுங்கியிருந்த ஐஎஸ் தீவிரவாதிகளின் சுரங்கங்களுக்கு இதுதான் சரியான ஆயுதம் என்று அங்கிருந்த அமெரிக்கத் தளபதி ஜான் நிக்கல்சன் சொன்னார். செய்து வைத்து பதினான்கு வருடம் ஆகியும் அச்சினுக்கு முன்னால் போரில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. 2003ல் சோதனையை ஊரறியச் செய்ததே சதாம் உசேனைப் பயமுறுத்தத்தான்.

பேரும் அங்கிருந்து வந்ததுதான். 1991 போரை சதாம் 'போர்களின் தாய்' என்றார், அதிலிருந்து இது குண்டுகளின் தாய். அரபியில் 'உம்மு', அதாவது தாய், என்று போட்டுப் பேர் சொல்வது வழக்கம், எங்களுக்குப் பக்கத்து எமிரேட்டின் பேரே உம்முல் குவைன்தான், தினம் அந்த ரோட்டில் லாரி போய்வருகிறது. அரபியில் அது சாதாரணமாக இருக்கலாம், குண்டின் மேல் ஒட்டும்போது பல்லில் கல் கடிபடுகிறது. போன மாதம் போப் பிரான்சிஸ் மாணவர்களிடம் பேசும்போது, தாய் உயிரைக் கொடுப்பவள், இது சாவைக் கொடுக்கிறது, இதைப் போய்த் தாய் என்கிறோமே, கேட்கவே வெட்கமாக இருந்தது என்றார். நாமும் ஆறாம் வகுப்பில் அணுகுண்டு என்ற வெடியைத்தான் தீபாவளிக்கு அடம்பிடித்து வாங்கினோம், யோக்கியம் பேச எனக்கு வாயில்லை. கந்தசாமி கோவில் தெருவில் டப்பாவைக் கவிழ்த்து வெடித்தோமே, ஞாபகம் இருக்கிறதா.

அமெரிக்காவில் கொண்டாட்டம். ட்ரம்ப் இன்னொரு வெற்றிகரமான வேலை என்றார், நீங்கள்தான் உத்தரவிட்டீர்களா என்று கேட்டதற்கு, ராணுவத்துக்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறேன் என்று முடித்துக்கொண்டார். ஃபாக்ஸ் நியூஸ் காலை நிகழ்ச்சியில் நாட்டுப்பற்றுப் பாட்டு ஒன்றை ஓடவிட்டு அந்தக் கருப்பு வெள்ளை வீடியோவைப் போட்டார்கள். ஒரு வாரம் முன்னால்தான் சிரியாவில் 59 ஏவுகணை விட்டிருந்தார்கள், இரண்டு நாள் கழித்து வடகொரியாவில் ராணுவ அணிவகுப்பு இருந்தது, அதனால் பேசினவர்களில் பாதிப் பேர் இது கிம்முக்கு விட்ட எச்சரிக்கை என்றார்கள். கொரியாவுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு ஷின்வாரிப் பள்ளத்தாக்கில் போய்ச் சொல்வார்களா என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

காபூலில் பழைய அதிபர் கர்சாய் பொங்கி எழுந்தார், எங்கள் நாட்டைப் புது ஆயுதம் சோதிக்கிற இடமாக்கிவிட்டீர்கள், இது மனிதத்தன்மையே இல்லை என்றார். இதற்கு ஒத்துப்போன அஷ்ரப் கனி அரசைத் துரோகி என்றும் சொன்னார். அவர் ஆட்சியில் இருந்த வருடங்களில் மட்டும் குண்டே விழவில்லையா என்று எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு, ஆனாலும் சோதிக்கிற இடம் என்று சொன்னது சுருக்கென்று தைத்தது.

இங்கே மலையாளி ரூம்களில் வேறு பேச்சு. போன வருடம் காசர்கோடு, பாலக்காடு பக்கமிருந்து காணாமல் போன 21 பேர் நங்கர்ஹாரில் ஐஎஸ்ஸோடு இருப்பதாகச் செய்தி வந்ததே, அதனால் அவர்கள் இந்த விஷயத்தைக் குரல் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? முதலில் 36 என்றது ஆப்கன் பாதுகாப்பு அமைச்சகம். இரண்டு நாளில் மாகாண அதிகாரிகள் 94 ஆக்கினார்கள். எல்லாரும் ஐஎஸ்காரர்கள், பொதுமக்கள் யாரும் இல்லை என்றார்கள். அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மாட்டிஸ், செத்தவர்களை எண்ணிப் போரை அளப்பதில்லை என்று சொல்லிவிட்டார். வியட்நாமில் பிணம் எண்ணிப் பட்ட பாடு அப்படி. எடையைக் கிலோ சுத்தமாகச் சொல்ல முடிந்தது, ஆளை எண்ண மாட்டார்களாம்.

கானுக்கு லைன் கிடைத்தது நடுராத்திரிக்கு மேல். வீட்டில் ஒன்றும் ஆகவில்லை, தகரக் கதவு மட்டும் சிறிது நேரம் ஆடிக்கொண்டே இருந்ததாம், பூகம்பம் என்று நினைத்து எல்லாரும் முற்றத்துக்கு ஓடிவந்திருக்கிறார்கள். அச்சின்காரர் ஒருவர் தரையே புயலில் மாட்டிய படகு மாதிரி ஆடியது என்று செய்தியாளரிடம் சொன்னதைப் பிறகு படித்தேன். கான் திண்டில் உட்கார்ந்து சுலைமானி டீ குடித்தான். நான் அவனிடம் அமெரிக்காவைத் திட்ட ஆரம்பித்தேன், அனுதாபம் காட்டுகிறேனாம். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

2015ல் ஐஎஸ்காரர்கள் அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் பத்துப் பேரைக் கண்ணைக் கட்டி, புதைத்து வைத்த வெடிமருந்தின் மேல் உட்கார வைத்து வெடித்தார்கள். வீடியோவும் எடுத்து வெளியிட்டார்கள். அதில் ஒருவர் கானுடைய மாமனாரின் சொந்தக்காரர். 'அவனுங்க செத்தா எனக்கு வருத்தம் இல்லை பாய்' என்றான். கொஞ்ச நேரம் கழித்து, 'ஆனா அங்கே எனக்கு ஒரு வாதுமைத் தோப்பு இருக்கு' என்றான். இரண்டையும் ஒரே குரலில் சொன்னான். எனக்கு எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியவில்லை, டம்ளரை வாங்கிக் கழுவி வைத்துவிட்டு வந்து படுத்தேன். குண்டை ஆதரித்துப் பேசினவர்களும் எதிர்த்துப் பேசினவர்களும் அந்த இரண்டு வாக்கியத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொண்டு இரண்டு மாதமாகக் கத்துகிறார்கள். அவன் இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அதன் பிறகு நடந்ததற்கு இந்தச் சத்தமே இல்லை, கவனித்தாயா? எட்டே நாளில் மசார்-இ-ஷரீப் பக்கத்து ராணுவ முகாமில் தாலிபான் புகுந்து நூற்று நாற்பது பேருக்கு மேல் கொன்றார்கள், தொழுகையிலும் சாப்பாட்டிலும் இருந்த சிப்பாய்கள். மே 31, நோன்பு தொடங்கி ஐந்தாவது நாள், காலையில் ஆபீஸ் போகிற நேரம், காபூலில் ஒரு கழிவுநீர் டேங்கர் லாரி வெடித்தது. உள்ளே ஒன்றரை டன் மருந்து. அந்தத் தாய்க்குண்டின் மருந்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. செத்தவர்கள் நூற்றைம்பதுக்கு மேல், பெரும்பாலும் வேலைக்குப் போனவர்கள். அதற்கு யாரும் செல்லப்பேர் வைக்கவில்லை, உன் வாட்ஸ்அப்பிலும் வரவில்லை, நானும் உனக்கு அனுப்பவில்லை.

நேற்று முன்தினம் தோரா போரா மலைக் குகைகளை ஐஎஸ் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. அதே நங்கர்ஹார். 2001 டிசம்பரில் பின்லேடனைத் தேடி, அன்றைக்கு அவர்களிடம் இருந்ததிலேயே பெரிய குண்டை, ஏழு டன் எடை, டெய்சி கட்டர் என்று பேர், அந்தக் குகைகள் மேல்தான் போட்டார்கள். இப்போது அங்கிருந்து சனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். நேற்று நோன்பு திறக்கும்போது கான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதும் போனை எடுத்துவிட்டான், சமோசா ஆறிப்போனது.

எழுத உட்கார்ந்தது உண்மையில் ஒரு உதவி கேட்கத்தான். இரண்டு வருடம் முன்னால் நீ கொடுத்த மாதக் காலண்டரை அவன் வாங்கிக்கொண்டு போய் அறையில் மாட்டினான், அருவி விழுகிற மலைப்படம். வருடம் முடிந்தும் கழற்றவில்லை, ஓரம் எல்லாம் சுருண்டுவிட்டது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போடும்போது அந்த மாதிரி ஒன்று இருந்தால் எடுத்து வை, அண்ணன் வரும்போது கொடுத்தனுப்பு. சாமி படம், நடிகை படம் எதுவும் வேண்டாம். மலையும் தண்ணீரும் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை சிவப்பில் இருந்தால் இன்னும் நல்லது.

பாப்பாவைக் கேட்டதாகச் சொல்லு.

உன்
மாப்ளே