பெரியம்மா வந்திருக்கிறார்

காவேரிப்பட்டணம்
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஆடிப்பெருக்குக்கு சம்பந்தி வீட்டார் வந்து மூன்று நாள் தங்கப்போகிறார்கள், வீட்டைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நானும் அதே வேலையில் கிடந்ததால்தான் பதில் தாமதம். பெரியம்மா வந்திருக்கிறார். ஒரு மாதம் இருப்பார்.

நாம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ராகி அடை சுட்டுத் தருவாரே, அதே பெரியம்மாதான். இப்போது கண் அழுத்த நோய். அதில் ஓரப்பார்வைதான் முதலில் போகும். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எதிரே நின்றால் முகம் தெரிகிறது. பக்கத்தில் கிடக்கும் நாற்காலி தெரியவில்லை. அதனால் சுவரையும் கதவையும் கையால் தடவிக்கொண்டே நடக்கிறார்.

அவர் வரப்போகிறார் என்றதும் ஒருநாள் மத்தியானம் நான் கண்ணை மூடிக்கொண்டு, வாசலிலிருந்து படுக்கையறை வரை தடவியபடி நடந்து பார்த்தேன். எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. தினமும் பெருக்கித் துடைக்கிற வீடுதான், ஆனால் கை படுகிற இடமெல்லாம் பிசுக்கு. கூடத்து நிலையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சாண் நீளம் கறுப்பாக, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி வந்தது. ஸ்விட்சு, தாழ்ப்பாள், சோபாவின் கைப்பிடி, பீரோக் கதவின் ஓரம், எல்லாம் அப்படியே. இத்தனை வருடம் ஷோகேஸ் கண்ணாடியைத்தான் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நிலைக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, துணியை நன்றாகப் பிழிந்து, ஐந்து நிமிடம் ஒத்தி வைத்துத் துடைத்தேன். மூன்று தடவை ஆனது. மரத்தின் ரேகை தெரிந்ததும், அம்மா வெள்ளிக்கிழமை வைக்கும் மஞ்சள் கீழே இன்னும் லேசாக இருந்தது. அதைத் துடைக்காமல் விட்டுவிட்டேன். ஸ்விட்சுக்கு மட்டும் மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த துணி.

உனக்கும் ஒன்று சொல்கிறேன், ஒரு நாளைக்கு ஓர் அறை போதும். எல்லா அறையையும் ஒன்றாகக் கலைத்துப் போட்டால் முழங்கால் தாங்காது. எந்த அறையானாலும் மேலிருந்து கீழே வா: ஒட்டடை, அப்புறம் ஃபேன், ஜன்னல், தரை கடைசி. ஃபேன் இறக்கையைப் பழைய தலையணை உறைக்குள் விட்டு இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே நின்றுவிடும், கட்டில்மேல் கொட்டாது. எங்களுக்குப் பெங்களூரு ரோட்டுத் தூசி வேறு. ஜன்னல் வலையைக் கழற்றிக் கழுவியபோது வாளியில் சேறு மாதிரி இறங்கியது. மெத்தையை இரண்டு நாள் மாடி வெயிலில் போட்டுத் தட்டினேன். நீ ஆடிக் காற்றில் காயப்போட்டால் மேலே கல் வைத்துவிடு.

சமையலறையில் சிங்க் பக்கத்து டைல்ஸ்தான் பெரும்பாடு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் வந்துவிட்டாலும் கழுவுவதற்கெல்லாம் போர் தண்ணீர்தானே. நம் பக்கத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால்தான் அந்தக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆனால் டைல்ஸில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டி வைத்துத் தேய்த்தால் போய்விடும். உன் வீட்டு மேடை கடப்பாக் கல் ஆயிற்றே, அதன்மேல் மட்டும் பட விடாதே. அதுவும் சுண்ணாம்புக்கல் வகைதான், புளிப்பு பட்ட இடம் அரித்து மங்கிவிடும்.

இன்னொன்று, இதைக் கட்டாயம் மனதில் வை. போன வருடம் நான் பாத்ரூமில் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, கறை போகவில்லையே என்று அதன்மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். தொண்டை எரிந்து, இருமி, அன்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. கக்கூஸ் கழுவ வாங்கும் பாட்டில்களிலும் பெரும்பாலும் ஆசிட்தான் இருக்கிறது. பிளீச்சிங் பட்ட இடத்தில் அதையும் ஊற்றாதே.

தரை சிவப்பு ஆக்சைடு. விசேஷம் என்றால் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பேன், முகம் தெரியும். இந்த முறை எண்ணெய் தொடவில்லை, வழுக்கிவிட்டால் என்ன செய்வது? கால்மிதிகளையும் எடுத்துவிட்டேன். சாமி அறைப் பித்தளைக்குப் புளி. அதை உனக்குச் சொல்லவே வேண்டாம்.

சாமான்களை நகர்த்திக் கழுவியபின் சோபாவை ஜன்னலோரம் போடலாம் என்றார் என் வீட்டுக்காரர். அழகாகத்தான் இருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வீடு பெரியம்மாவுக்குப் பழைய படியேதான் ஞாபகத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே போட்டோம்.

வியாழக்கிழமை வந்தார். வந்ததும் நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் காலையில் யாரையும் கூப்பிடாமல் படுக்கையறையிலிருந்து சமையலறை வரை அவராகவே நடந்து வந்துவிட்டார். அங்கே மூலையில் குனிந்து கையை நீட்டித் தடவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. "இங்கதானே கண்ணு ஆட்டுக்கல்லு இருந்தது?" என்றார்.

கிரைண்டர் வாங்கியபோது அதைக் கொல்லையில் தள்ளிவிட்டிருந்தோம். எனக்கு நினைவே இல்லை. நேற்று சாயங்காலம் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேரும் சாக்கு போட்டு உருட்டிக்கொண்டு வந்தார்கள். குழியில் மழை மண் இறுகிக் கிடந்தது. தென்னை நார் போட்டு நானும் வேலைக்கு வரும் அக்காவும் தேய்த்துக் கழுவி, பழைய மூலையில் வைத்தோம். இன்று காலை டீ குடிக்கும்போது பெரியம்மா அதன் விளிம்பில் ஒரு கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

செந்தூரா மாம்பழம் ஒரு பெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். தம்பி அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். பெரியம்மா உன்னைக் கேட்டார். சம்பந்தி வீட்டார் ஊருக்குப் போனதும் ஒரு எட்டு வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி