குடும்ப மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் அரசு விருது வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்
(உடன் கையெழுத்திட்டுள்ள குடும்பங்கள், இளம் மருத்துவர்கள் சார்பாக)

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: சேவை, தலைமை, கற்பித்தல் ஆகியவற்றில் சிறந்து விளங்கும் குடும்ப மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் அரசு விருது வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைக்கும் ஒரே டாக்டர்தான். என் மாமியாரின் சர்க்கரை நோயைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர் அவர். என் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டதும் அவரே. இப்போது பேத்திக்கு இருமல் என்றாலும் அவரிடம்தான் போகிறோம். மருத்துவர்களைக் கௌரவிக்கும் மேடைகளில் இவரைப் போன்றவர்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. அதனால்தான் இந்த மனு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் ஒரு பெரிய மருத்துவமனையில் பத்து நாள் இருந்து வீடு திரும்பினார். கையில் பதினொரு மாத்திரைகள். இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று மூன்று பேர் எழுதிக்கொடுத்தவை. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து, படுக்கையை விட்டு எழுந்தாலே அவருக்குத் தலை சுற்றியது. இரண்டு முறை விழுந்தும் விட்டார். எங்கள் டாக்டர் வீட்டுக்கே வந்தார். மாத்திரை அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்த சிறிய எழுத்துகளைப் படித்தார். வெவ்வேறு பெயரில் இருந்த இரண்டு அட்டைகளிலும் ஒரே இரத்த அழுத்த மருந்து! எழுதிக்கொடுத்தவர்களைத் தொலைபேசியில் பிடித்துப் பேசி, ஒன்றை நிறுத்தினார். ஒரு வாரத்தில் தலைசுற்றல் போய்விட்டது.

அன்று அவர் அறுவை சிகிச்சை எதுவும் செய்யவில்லை. அவர் செய்ததெல்லாம் என் கணவரின் இடுப்பு எலும்பு உடையாமல் பார்த்துக்கொண்டதுதான். உடையாத எலும்பை எந்தப் பதிவேட்டில் எழுதுவது, ஐயா? குடும்ப மருத்துவர்களின் வேலையில் பெரும்பகுதி இப்படி நடக்காமல் போனவற்றில்தான் இருக்கிறது. வராமல் போன பக்கவாதம், தேவைப்படாமல் போன ஸ்கேன், நள்ளிரவில் கூப்பிடத் தேவையில்லாமல் போன ஆம்புலன்ஸ். எத்தனை அறுவை சிகிச்சை, எத்தனை படுக்கை என்று எண்ணி விருது கொடுக்கும் முறையில் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

எண்ணிப் பார்த்தவர்களும் இல்லாமல் இல்லை. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்ட காலம் இருந்தவர்களிடையே அவசரமாக மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதம் குறைவு, இறப்பு 25 சதவீதம் குறைவு. இந்த ஒரே ஆய்வை வைத்து எல்லாம் டாக்டரின் உறவால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பழகிய ஆண்டுகள் கூடக்கூட அந்த எண்கள் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்திருக்கின்றன. “கைராசியான டாக்டர்” என்று நாம் சொல்வதில் பாதி, நம்மை நெடுநாளாக அறிந்தவர் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சேவைக்கு என ஒரு விருது வேண்டும் என்று கேட்பது இதனால்தான். ஓரிடத்தில் நிலைத்து, அதே குடும்பங்களைப் பல்லாண்டு பார்த்துவந்தவருக்கு அது போக வேண்டும். தயவுசெய்து ஒரு நாளைக்கு எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்பதை அளவுகோலாக வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்தால், ஒருவரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசும் டாக்டர்தான் முதலில் அடிபட்டுப்போவார்.

தலைமை என்று வரும்போது பதவி வகித்தவர்களின் பட்டியல்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் கேட்பது வேறு. இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் வில்லியம் பிக்கிள்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1929-இல் அவர் வட்டாரத்தில் மஞ்சள் காமாலை பரவியபோது, யார் யாரைச் சந்தித்தார்கள், எந்த நாளில் என்று வீடு வீடாகக் குறித்துவைத்து, நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றி வெளிப்பட எத்தனை நாள் ஆகிறது என்பதைக் கண்டுபிடித்தார். எல்லோரையும் அறிந்த ஒரு டாக்டரால்தான் அது முடிந்தது. பின்னாளில் அந்நாட்டின் குடும்ப மருத்துவர்களுக்கான கல்லூரி அமைப்புக்கு அவரே முதல் தலைவரானார். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட், நோய் என்று வந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், தன் பொறுப்பில் இருந்த எல்லாப் பெரியவர்களுக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் அவர் எழுதியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு சிறிய கிளினிக்கிலிருந்தே வழிகாட்ட முடியும் என்பதற்கு இவர்கள் இருவரும் போதும். தன் பகுதியில் ஏதோ ஒரு நோயைத் தடுக்க முன்னால் நின்றவர், செவிலியர்களையும் சுகாதாரப் பணியாளர்களையும் சேர்த்துக்கொண்டு புதிதாக ஒன்றைத் தொடங்கியவர், இவர்களைத் தேடிப்பிடித்துத் தலைமை விருது கொடுங்கள்.

கற்பித்தலைப் பற்றி கொஞ்சம் கூடுதலாகவே எழுதுகிறேன். நான் ஆசிரியை என்பதும் ஒரு காரணம். 1961-இல் கெர் ஒயிட் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1,000 பெரியவர்களை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு வருகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பெரிய மருத்துவமனைக்குப் போவது ஒரே ஒருவர். நம் மருத்துவ மாணவர்கள் அந்த ஒருவரைச் சுற்றி நின்றுதான் பெரும்பாலும் படிக்கிறார்கள். மீதி 249 பேரைப் பற்றி யார் சொல்லிக்கொடுப்பது? எந்தக் காய்ச்சலைக் காத்திருந்து பார்க்கலாம், எதை உடனே அனுப்ப வேண்டும், “ஒன்றுமில்லை” என்று சொல்வதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு குடும்ப மருத்துவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். கனடாவில் 1968-லேயே இயன் மக்வின்னி அந்நாட்டின் முதல் குடும்ப மருத்துவப் பேராசிரியராக நியமிக்கப்பட்டார்.

எங்கள் டாக்டரிடம் மாலை வேளைகளில் இளம் டாக்டர்கள் இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். நோயாளியிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் அவர்களை உள்ளே விடுவார். அவர் கேள்வி கேட்பார், அவர்கள் தடுமாறுவார்கள், அப்புறம் நோயாளியையே பேசவிட்டு விடையை வரவழைப்பார். இதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. கற்பித்தலுக்கான விருதைப் பெறுபவருக்கு ஒரு கௌரவ ஆசிரியர் பதவியையும் சேர்த்துக் கொடுத்தால், மாணவர்களை முறைப்படி அவரிடம் அனுப்பவும் வழி பிறக்கும்.

விருதுக்கு மருத்துவர்கள் தாங்களே விண்ணப்பிக்கும்படி வைக்க வேண்டாம். நல்ல டாக்டர்கள் பலர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். நோயாளிகளும், உடன் பணியாற்றும் செவிலியர்களும், பயின்ற மாணவர்களும் பரிந்துரைக்கட்டும். அரசுப் பணியில் இருப்பவர், தனியாகக் கிளினிக் நடத்துபவர் என்ற வேறுபாடு வேண்டாம். தேர்வானவர் ஏன் தேர்வானார் என்பதை நான்கு வரியில் வெளியிட்டுவிட்டால், சிபாரிசுக்கு இடமிருக்காது.

பணமுடிப்பைப் பற்றி நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அதைவிட முக்கியமாக எங்களுக்குப் படுவது, விருது வாங்க வரும் நாளில் அவருடைய நோயாளிகளைப் பார்க்க ஒரு மாற்று மருத்துவரை அரசே ஏற்பாடு செய்து தருவது. இல்லாவிட்டால் பாதிப் பேர் விழாவுக்கு வரமாட்டார்கள். கிளினிக்கைப் பூட்ட மனம் வராது.

நாளும் தயாராகவே இருக்கிறது. உலகக் குடும்ப மருத்துவர்கள் அமைப்பான வொன்கா 2010-இல் அறிவித்ததிலிருந்து மே 19 உலகக் குடும்ப மருத்துவர் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அந்த நாளிலேயே விருதுகளை வழங்கலாம்.

இந்த மனுவை எழுதுவது எங்கள் டாக்டருக்குத் தெரியாது. அவர் பெயரை இதில் குறிப்பிடாததும் அதனால்தான். முதல் ஆண்டிலேயே அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கையில்லை.

கையெழுத்துப் பட்டியலை இணைத்துள்ளோம். விதிமுறைகளை வகுக்கும் குழுவில் மருத்துவர்களுடன் நோயாளிகள் தரப்பில் ஒருவரையும், மாணவர்கள் தரப்பில் ஒருவரையும் சேர்த்து, அடுத்த மே 19-க்குள் அறிவிப்பு வெளியிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நேரில் வந்து விளக்க வேண்டுமென்றால், தாங்கள் சொல்லும் நாளில் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல்