கிணறு எத்தனை அடி?

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
23 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அங்கே நீங்கள், அம்மா, தம்பி, அம்மிச்சி எல்லோரும் நலம்தானே?

உங்கள் கடிதம் கைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. கோவையிலிருந்து வந்த தோழியின் அம்மா பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொள்ளுப் பைக்கும் மஞ்சள்தூள் பைக்கும் நடுவில், கடை பில் தாளின் பின்பக்கத்தில் எழுதி நாலாக மடித்து வைத்திருந்தீர்கள். தாளெல்லாம் மஞ்சள் வாசம். அன்றைக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். போனில்தான் பேசுகிறோமே என்று தள்ளிப்போட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். "சாப்பிட்டியா, குளுருதா, சரி வெச்சரட்டுமா, இதுக்கு மேல நாம என்ன பேசறோம் சாமி" என்று நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்த பிறகு போன் போடவே கூச்சமாக இருந்தது.

இங்கே குளிர் இறங்கிவிட்டது. இன்றைக்குக் காலையில் மைனஸ் 3. சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடுகிறது. போன மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தாகிவிட்டது. இனி மார்ச் வரைக்கும் நமக்குள் நாலரை மணி நேர வித்தியாசம். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது நீங்கள் கடையைச் சாத்திச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பீர்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், நேற்று கொள்ளுப்பருப்பு வைத்தேன். இந்த ஊர்க்காரர்களும் பருப்பு சாப்பிடுகிறவர்கள்தான். பழுப்புப் பருப்பைக் குழைய வேகவைத்து, அதில் வினிகர் ஊற்றி, ஷ்பெட்ஸ்லெ என்று முட்டையும் மாவும் சேர்த்துச் செய்கிற ஒன்றோடு பிசைந்து சாப்பிடுகிறார்கள். பார்க்கச் சந்தகைக்குப் பெரியப்பா மகன் மாதிரி, குட்டையும் தடியுமாக இருக்கும். கொள்ளு வெந்த வாசத்துக்கு மூன்றாம் மாடிப் பாட்டி இறங்கி வந்து கதவைத் தட்டினார். ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டுவிட்டு, "மோசமில்லை" என்றார்.

அந்தப் பாட்டியைப் பற்றி அம்மாவிடம் முதல் வருஷம் அழுதிருக்கிறேன், நினைவிருக்கும். இங்கே வாரம் ஒரு வீடு மாடிப்படியைக் கூட்டித் துடைக்க வேண்டும். 500 வருஷத்துக்கு முந்திய ஊர்ச் சட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்கிறார்கள். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு பலகை தொங்கும். நான் துடைத்து முடித்த பிறகு பாட்டி வந்து, படியின் மூலையை விரலால் தொட்டு, தூசியை என் முகத்துக்கு நேரே காட்டினார். அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லை. அடுத்த நாளே தன் தோட்டத்துப் பிளம்ஸ் பழத்தை ஒரு கூடை கொண்டுவந்து வைத்தார். குறையைச் சொன்னார், அதோடு அது முடிந்தது. மனதில் ஒன்றும் இல்லை. திட்டாமல் விட்டாலே பாராட்டியதாகத்தான் அர்த்தம் என்று இந்தச் சீமையில் ஒரு பழமொழியே உண்டு. அதனால் அந்த "மோசமில்லை"யை அம்மா பெரிய பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

"நீ என்ன வேலை செய்யறேன்னு கேக்கறவங்களுக்கு என்னன்னு சொல்றது" என்று கேட்டிருந்தீர்கள். கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவைத்தது என் தப்பு. அப்பா, நானும் உங்களை மாதிரிதான், வியாபாரம். தொழிற்சாலையில் ஓடுகிற மெஷின் மேல் தீப்பெட்டி அளவு ஒரு சென்சாரை ஒட்டுவார்கள். அது அதிர்வையும் சூட்டையும் அளந்துகொண்டே இருக்கும். பேரிங் போகப்போகிறது என்றால், அது போவதற்கு முன்னாலேயே எங்கள் மென்பொருள் சொல்லிவிடும். அதை மாதச் சந்தாவுக்கு விற்கிறேன்.

நீங்கள் மோட்டார் விற்பதுபோல் ஒரே நாளில் முடிகிற காரியம் இல்லை. ஒரு கம்பெனி சரி சொல்ல ஆறு மாதம், ஒன்பது மாதம் ஆகும். முதலாளிக்குப் பிடிக்க வேண்டும், கணக்குக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தொழிலாளர் குழு. ஆளைக் கண்காணிக்கக்கூடிய எந்தக் கருவியை உள்ளே கொண்டுவந்தாலும் அவர்கள் சம்மதம் வேண்டும் என்பது இங்கே சட்டம். மெஷினைத்தான் பார்க்கிறோம், மனிதரை இல்லை என்று அவர்களிடம் உட்கார்ந்து விளக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு வாங்கச் சொல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. வீடுகளுக்கு அவர்கள் சம்மதமில்லாமல் கூப்பிடவே கூடாது. கம்பெனி என்றாலும், அவர்களுக்கு இது தேவைப்படும் என்று நினைக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும். அதனால் ஒரு போன் போடுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது, எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது என்று அரை நாள் படிக்கிறேன். எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது.

போன மாதம் ரோய்ட்லிங்கன் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன், பல்சக்கரம் செய்கிறவர்கள். அங்கே ஒரு மைஸ்டர். நம்முடைய மேஸ்திரிதான், இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்று, நமக்கு அது போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. இங்கே அதற்குப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். வயது அறுபதை நெருங்கும். நான் 20 நிமிஷம் படம் போட்டுக் காட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நீங்கள் சொல்கிற கணக்கு தப்பு. எங்கள் மெஷின் அத்தனை மணி நேரம் நிற்பதில்லை" என்றார். எல்லோர் முன்னாலும். முன்பென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது, "சரி, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்" என்று பேனாவை எடுத்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை. எழுந்து உள்ளே கூட்டிப்போனார். கிரைண்டிங் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேல் பையிலிருந்து ஒரு நீள ஸ்க்ரூட்ரைவரை எடுத்தார். முனையை பேரிங் கூட்டின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார்.

அப்பா, எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கடை வாசலில் பழைய மோட்டாரை ஓடவிட்டு நீங்கள் குனிந்து நிற்பது அப்படியே கண் முன்னால் வந்தது. சிவப்புப் பிடி ஸ்க்ரூட்ரைவர், காதோரத்தில் கிரீஸ் கறை. ஆறேழு வயதில் என் காதிலும் வைத்து, "கேளு, உள்ள மணல் அரைக்கற மாதிரி சத்தம் வருதா?" என்பீர்கள். "எங்க அப்பாவும் இப்படித்தான் கேட்பாருங்க. பம்புசெட் கடை வைத்திருக்கிறார்" என்று அவரிடம் சொன்னேன். கண்ணைத் திறந்து முதல் தடவையாக என்னைப் பார்த்தார். ஸ்க்ரூட்ரைவரை என்னிடம் நீட்டினார். கேட்டேன். பேரிங் நன்றாக இருந்தது, அப்படியே சொன்னேன். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். ஓய்வுபெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதாம். அவர் காதுக்குத் தெரிவது அவருக்குப் பின்னால் வருகிற பையன்களுக்குத் தெரியாது என்ற கவலை அவருக்கு. நான் கொண்டுபோன 40 படத்தில் ஒன்றுகூட அந்தக் கவலையைப் பற்றி இல்லை.

அங்கே இன்னும் முடிவாகவில்லை. அடுத்த வருஷ பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். நம் ஊரில் "பாக்கலாங்க" என்றால் என்ன அர்த்தமோ அதேதான் பெரும்பாலும் இங்கேயும். ஆனால் அந்த மைஸ்டர் சொன்னால் சொன்னதுதான் என்று நம்புகிறேன்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் பேசத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பேசி நான் பார்த்ததே இல்லை. ஒரு காட்டுக்காரர் வந்து "அஞ்சு எச்பி மோட்டார் என்ன விலைங்க" என்றால் நீங்கள் விலை சொல்ல மாட்டீர்கள். "கிணறு எத்தன அடிங்க? தண்ணி எத்தனாவது அடியில நிக்குது? வாழையா, மஞ்சளா?" எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு மூணே போதுங்க" என்பீர்கள். இங்கே இதைத்தான் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். விலை சொன்ன பிறகு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எனக்கு அதுதான் கஷ்டம். எதிரில் இருப்பவர் பேசாவிட்டால் உடனே தள்ளுபடி சொல்லிவிடுவேன். இப்போது மேஜைக்கு அடியில் விரல் விட்டுப் பத்து எண்ணுகிறேன்.

மரியாதை விஷயத்தில் எனக்குச் சிரமமே இல்லை. இவர்கள் மொழியிலும் நீ, நீங்கள் தனித்தனி. பெரியவர்கள் தாங்களாகச் சொல்கிற வரை நீ போடக்கூடாது. வாய்க்கு வாய் "ங்க" போட்டு வளர்ந்தவளுக்கு இதைத் தனியாகக் கற்க வேண்டியிருக்கவில்லை.

வேண்டாம் என்ற பதில்தான் அதிகம் வரும். சில வாரம் திங்கள் முதல் வெள்ளி வரை அதுவேதான். அந்த மாதிரி நாளில், போணி ஆகாத மத்தியானத்தில் நீங்கள் எழுந்து வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி வந்து உட்காருவதை நினைத்துக்கொள்கிறேன். "அடுத்து வர்றவரு என்ன பண்ணுனாரு, அவருகிட்ட எதுக்கு மூஞ்சியத் தூக்கோணும்" என்பீர்களே. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த எண்ணைப் போடுகிறேன்.

இந்த மாதம் கொஞ்சம் குறைவாக அனுப்பியிருக்கிறேன். ஹீட்டருக்கும் வெந்நீருக்கும் வருஷம் ஒரு தடவை கணக்குப் பார்த்து மொத்தமாக பில் அனுப்புவார்கள், அது வந்தது. வேறு ஒன்றும் இல்லை. தை மாதத்துக்குள் சரிசெய்துவிடுவேன். பொங்கலுக்கு டிக்கெட் இன்னும் போடவில்லை. டிசம்பர் கடைசி எங்களுக்குக் கணக்கு முடிக்கிற நேரம், அதை ஒட்டி லீவு சுலபமாகக் கிடைக்காது. அம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டிப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இங்கே கடை எல்லாம் மூடியிருக்கும், தெருவில் ஒரு சத்தம் கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். ராத்திரி மூணு ஃபேஸ் கரண்ட் வந்ததும் தோட்டமெல்லாம் ஒன்றாக மோட்டார் ஓட ஆரம்பிக்குமே, அந்தச் சத்தம் கேட்டால் இப்போது ஒரு நிமிஷத்தில் தூங்கிவிடுவேன். வருகிற 3ஆம் தேதி கார்த்திகை தீபம். அம்மா வைக்கிற வரிசை விளக்கை தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடை வாசலிலும் இரண்டு வையுங்கள்.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வேன்? ஆனால் ஒன்று கேட்கிறேன். தம்பி சோலார் பம்புசெட் டீலர்ஷிப் எடுக்கலாம் என்று சொன்னபோது, அவன் முழுதாகச் சொல்லி முடித்தானா? "நான் ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டாருக்கா" என்கிறான். வருகிற காட்டுக்காரர்களிடம் கேட்கிற மாதிரி அவனிடமும் ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை பேர் விசாரித்தார்கள், யார் யார் என்று அவன் ஒரு பட்டியல் வைத்திருக்கிறான். கேட்டபிறகு வேண்டாம் என்று தோன்றினால் விற்றுவிடலாம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

கவுந்தப்பாடி அத்தை வீட்டு வழித்தடப் பிரச்சினையில் நீங்கள் நடுவில் போகாதீர்கள். நம்பியூர் மாமா போகட்டும், அவர் சொன்னால் இரண்டு பக்கமும் கேட்பார்கள். சின்னம்மா மகள் கல்யாணத்துக்கு என் கணக்கில் அரை பவுன் மோதிரம் சொல்லிவையுங்கள், பணம் ஜனவரியில் அனுப்புகிறேன். அம்மா முழங்காலுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்களாம், தம்பிதான் சொன்னான். என்னிடம் அம்மா ஒவ்வொரு தடவையும் "பரவால்ல" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். இந்த வாரமே ஈரோட்டுக்குக் கூட்டிப்போங்கள். செலவு எவ்வளவு ஆனாலும் எனக்கு எழுதுங்கள்.

அப்புறம், கல்லாப்பெட்டிக்கு மேல் இருக்கிற அந்த நீல அட்டை நீள நோட்டுகள். யார் தோட்டம், கிணறு எத்தனை அடி, என்ன மோட்டார், எந்த வருஷம் காயில் கட்டியது என்று முப்பது வருஷமாக எழுதி வைத்திருக்கிறீர்களே, தீபத்துக்குக் கடையைச் சுத்தம் செய்யும்போது அம்மா அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடப் போகிறார்கள். எடுத்து வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். தம்பிக்கு அது வேண்டியிருக்கும்.

உங்கள் அன்பு மகள்,
தேவி

(அம்மிச்சிக்கு இதை நீங்களே படித்துக் காட்டுங்கள், பணம் பற்றிய இடத்தை விட்டுவிட்டு.)