வியன்னாவில் என்னை ஓடவும் உட்காரவும் வைத்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் இரண்டு பேருக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியும். மற்றவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

அலுவலக வேலையாக மூன்று முறை வியன்னா போய்வந்தேன். முதல் முறை நான் போட்ட திட்டத்தை நினைத்தால் இப்போது சிரிப்புதான் வருகிறது. காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டம், அப்புறம் ஒரே நாளில் மூன்று அருங்காட்சியகம். இரண்டாவதிலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. மூன்றாவதின் வாசலில் போய் நின்றால் அன்று செவ்வாய்க்கிழமை, விடுமுறை. மரியா தெரேசியா சதுக்கத்தில் கலை வரலாற்று அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எதிரெதிரே நிற்கின்றன. கோடை மாதங்களை விட்டால் முன்னதற்குத் திங்கள் விடுமுறை, பின்னதற்குச் செவ்வாய். இதைக்கூடப் பார்த்துக்கொள்ளாமல் போயிருந்தேன்.

விடுதி வரவேற்பில் இரவு வேலை பார்த்த தம்பி, முதல் நன்றி உங்களுக்கு. காலை ஆறு மணிக்கு ஷூவோடு இறங்கி வந்தவனை நிறுத்தி, வரைபடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். பழைய கோட்டை மதிலை இடித்துவிட்டு அந்த இடத்தில் போட்ட ரிங் சாலை, 1865இல் திறந்தது. அதோடு கால்வாய்க் கரையையும் சேர்த்து ஓடினால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும் என்றீர்கள். டிராம் தண்டவாளம் ஈரமாக இருந்தால் வழுக்கும் என்றும் எச்சரித்தீர்கள். பாராளுமன்றம், ஓப்பரா, அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்த ஒரே சுற்றில். பத்து மணிக்கு நுழையப்போகிற கட்டடத்தை ஏழு மணிக்கே மூச்சிரைக்கக் கடந்து போவதில் ஒரு சுகம் இருக்கிறது. கடைசி நாள் அறையைக் காலி செய்த பிறகும் ஊழியர் குளியலறையைத் திறந்துவிட்டீர்களே, அது பெரிய உதவி. முன்பு வேறொரு ஊரில், வேறொரு விடுதியில், பையை வைத்துக்கொள்ளவே மாட்டோம் என்றார்கள். அன்று வியர்வைச் சட்டையோடுதான் விமானம் ஏறினேன். பக்கத்து இருக்கைக்காரரிடம் இன்றும் மன்னிப்பு கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பிராட்டர் பூங்காவின் பெரியவரே, உங்களுக்கு எழுபது வயதாவது இருக்கும். ஹவுப்ட்அல்லே என்கிற அந்த மரச்சாலை 4.4 கிலோமீட்டர், நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. பெசன்ட் நகர் புழுக்கத்தில் ஓடிப் பழகியவனுக்கு அக்டோபர் குளிர் கிடைத்ததும் தலைகால் புரியவில்லை, பாய்ந்து ஓடினேன். நீங்கள் பக்கத்தில் வந்து கையைத் தாழ்த்திக் காட்டினீர்கள்: மெதுவாக. கோடியில் இருக்கும் லுஸ்ட்ஹவுஸ் மண்டபத்தருகே நின்றபோதுதான் கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே ஓடிய சாலை இது என்று சொன்னீர்கள். 2019 அக்டோபர் 12ஆம் தேதி, இதே மரங்களுக்கு நடுவில் மேலும் கீழுமாக ஓடி, மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 வினாடியில் முடித்திருக்கிறார். முறை வைத்து மாறி மாறி வேகம் கொடுத்தவர்களுடன் ஓடியதால் அது உலக சாதனைக் கணக்கில் சேரவில்லை. அந்தச் சாலையில் நான் ஓடிய வேகத்தை இங்கே எழுதப்போவதில்லை.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் சீட்டு கொடுத்த அம்மா, "அடிக்கடி வருவதானால் வருடச் சீட்டு எடுங்கள்" என்றீர்கள். என் பழக்கத்தையே மாற்றியது அதுதான். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்கிற வெறி போய்விட்டது. ஒரு நாளைக்கு ஓர் அறை, ஒரு மணி நேரம்.

இனி, பத்தாம் எண் அறையோ வேறு எதுவோ, எண் நினைவில்லை, அதே அருங்காட்சியகத்தில் பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் புரூகலின் படங்கள் இருக்கும் அறையின் காவலர் ஐயாவுக்கு.

இரண்டாவது பயணம் அது. காலையில் பிராட்டரில் போக வர ஓடிவிட்டு வந்திருந்தேன். பளிங்குப் படிக்கட்டில், தூண்களுக்கு மேலே கிளிம்ட் வரைந்த ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஏறியது தப்பாகப் போயிற்று. உங்கள் அறைக்கு வந்ததும் கெண்டைக்காலில் குரக்களி இழுத்துவிட்டது. சுவரைப் பிடிக்கப் போனேன். சுவரில் நாலரை நூற்றாண்டு பழைய ஓவியம்! நீங்கள் ஓடி வந்தது என் காலுக்காகவா ஓவியத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து நடு இருக்கையில் உட்காரவைத்தீர்கள், பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னீர்கள். அப்புறம் எதிரே இருந்த படத்தைக் காட்டி, "அவர்களுக்கும் கால் வலிக்கிறது" என்றீர்கள்.

1565இல் வரைந்த 'பனியில் வேட்டைக்காரர்கள்'. அச்சில் எத்தனையோ முறை பார்த்த படம்தான். அதுவரை என் கண் கீழே உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறவர்களிடம்தான் போகும். அன்றுதான் முன்னால் போகும் மூன்று பேரின் முதுகைப் பார்த்தேன். தலை தொங்கி, தோள் குனிந்து, பனியிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறார்கள். நாய்களும் வாலைத் தொங்கப் போட்டு வருகின்றன. அத்தனை அலைச்சலுக்கும் கிடைத்தது ஒரே ஒரு நரி. நீண்ட ஓட்டத்தின் கடைசி கிலோமீட்டரில் எனக்கு முன்னால் போகிறவர்களின் முதுகு அப்படித்தான் இருக்கும். பருவங்களை வைத்து புரூகல் வரைந்த வரிசையில் மிஞ்சியவை ஐந்து. அதில் மூன்று அந்த அறையில்தான் இருக்கின்றன. நாற்பது நிமிடம் எழுந்திருக்கவில்லை. கால் சரியாகிப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்பதை உங்களிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பயணத்தில் வேண்டுமென்றே ஓடிவிட்டுத்தான் வந்தேன். அன்று உங்களுக்கு வேறு அறையில் பணி போலிருக்கிறது.

கடைசியாக, தமிழ் தெரிந்த இருவர். தன் அக்கா வியன்னாவில் இருக்கிறார் என்று சொல்லி எண்ணைக் கொடுத்த நண்பா, நன்றி. அக்கா, ஓட்டம் முடிந்தால் உப்பு வேண்டும் என்று டிராம் நிறுத்தத்துக்கே தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவந்து கொடுத்தீர்கள். பூங்காக் குழாயில் ஆல்ப்ஸ் மலை ஊற்றுத் தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டே சாப்பிட்டேன். டப்பா என்னிடம்தான் இருக்கிறது. வெறும் டப்பாவாகத் திருப்பித் தர மாட்டேன். முறுக்கா அதிரசமா என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அன்று சுவரைப் பிடிக்கப் போனவன்