ஓட்டை எங்கே, கால் அங்கே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் சோம்பல் அல்ல, நாற்காலி. இடித்த வீட்டிலிருந்து கிடைத்த தேக்கு நிலைச்சட்டங்களைப் பற்றிச் சொல்லியிருந்தேன் அல்லவா? அவற்றில் முதல் மாதிரியைச் செய்துவிட்டேன். இரண்டு முறை பிரித்து மாட்டினேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதல் நான்கு நாள் ஆணி பிடுங்குவதிலேயே போயிற்று. காந்தத்தை வைத்துத் தடவித் தடவி எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக நினைத்தேன். தலை உடைந்து ஆழத்தில் புதைந்திருந்த ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது. இழைப்புளி அதில் மோதியது; அலகில் அரிசி அளவுக்கு ஒரு பல் விழுந்தது. அந்த இடத்தில் மரம் வட்டமாகக் கறுத்திருந்ததை முன்பே பார்த்திருந்தேன், அழுக்கு என்று விட்டுவிட்டேன். துரு இறங்கிய கறை அது. ஆனால் சாம்பல் பூத்த மேல்தோல் சீவப்பட்டு உள்ளிருந்த பொன்னிறம் தெரிந்தபோது, அந்த எண்ணெய் வாசனையில் கோபம் ஆறிவிட்டது.

மாதிரிக்கு மலிவான பிளைவுட் போதாதா என்று நீ கேட்பாய். உயரம், சாய்வு பார்க்கப் போதும். நானும் அட்டையில் வெட்டி, இருக்கை உயரம் 45 சென்டிமீட்டர் என்று முடிவு செய்துகொண்டுதான் தொடங்கினேன். ஆனால் அட்டையில் பழைய ஓட்டை இல்லையே! நிலையின் குறுக்குச்சட்டம் செருகியிருந்த துளை, பின்னங்காலில் இருக்கைச் சட்டம் சேர வேண்டிய இடத்திலேயே வந்து நின்றது. துண்டு மரம் வைத்து அடைத்து, அதிலேயே புதுத் துளை போட்டேன். சாய்ந்து உட்கார்ந்தேன், 'படக்' என்றது. நாற்காலியில் பளு முழுவதும் வாங்குகிற இணைப்பு அது. அங்கே போய் ஒட்டு வைத்தேன் பார்! போதாக்குறைக்கு, எண்ணெய்ப் பசையுள்ள தேக்கைத் தின்னரால் துடைக்காமலேயே பசை தடவியிருந்தேன்.

பிறகு ஒரு மாலை முழுவதும் சட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாகத் திருப்பியதும் துளை மேலே போய்விட்டது, முதுகுப் பட்டை செருகுவதற்கு வாகாக! இன்னொரு காலுக்கும் அந்த உயரத்திலேயே துளை போட்டு, வரைபடத்தைத் திருத்தினேன். அட்டையில் வரைந்ததைவிட முதுகு இரண்டு விரல் தாழ்ந்துவிட்டது. உட்கார இதுதான் சுகமாக இருக்கிறது.

இருக்கைப் பலகையை இறுக்கி ஒட்டவில்லை. எத்தனை வருடம் காய்ந்த மரமானாலும் ஈரக்காற்றில் அகலவாக்கில் உப்பும், வறண்டால் சுருங்கும். அதற்கு இடம் விட்டு, திருகுத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீட்டிவிட்டிருக்கிறேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வகுப்பில் பின்னிரண்டு கால்களில் நாற்காலியைச் சாய்த்து ஆடிக்கொண்டிருப்பாயே, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. இரண்டாவது நாற்காலிக்கு மரம் அறுக்கும் முன் இதில் நீ ஆடிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்