கூடையில் ஏறும் முன் எங்கள் மொழியில் சொல்லுங்கள்

பினாங்கில் வெப்பக்காற்று பலூன் விழா நடத்துகிறவர்களுக்கும் அதற்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். பட்டர்வொர்த்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மாமியாருக்கு வயது 68. அவருடைய இடது கணுக்காலில் போட்டிருந்த மாவுக்கட்டை ஆறு வாரம் கழித்துச் சென்ற மாதம்தான் பிரித்தார்கள். அந்த ஆறு வாரமும் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

உங்கள் விழா நாளன்று விடியற்காலை நாலரைக்கே எழுந்து, பாலம் கடந்து வந்து, ஆறு மணிக்கெல்லாம் வரிசையில் நின்றோம்: மாமியார், நான், என் 11 வயது மகள். இருட்டு இன்னும் விலகவில்லை. காற்றைச் சூடாக்கும் பர்னரைத் திறந்ததும் திடலின் நடுவே பலூனின் துணி உறை முழுவதும் கார்த்திகை விளக்குபோல் ஒளிர்ந்தது. மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். விமானத்தில் ஏறியதே இல்லை. "இதில் ஏறினால் நம் பழைய தோட்டம் தெரியுமா அம்மா?" என்று கேட்டார். தரையோடு கயிறு கட்டிய பலூன் அவ்வளவு உயரம் போகாது என்று தெரிந்தும், "பார்க்கலாம் அத்தை" என்றுதான் சொல்ல முடிந்தது.

டிக்கெட் மேசையில் ஒரு பாரத்தை நீட்டினார்கள். இரண்டு பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஒரு விரல் காட்டியது. தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் என் மாமியார். அந்தப் பாரத்தில் அவருக்குப் புரிந்தது அந்த விரல் மட்டும்தான். தமிழில் தன் பெயரை எழுதிக் கொடுத்தார். எது நடந்தாலும் பொறுப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பது வீட்டுக்கு வந்து நான் நகலைப் படித்தபோதுதான் தெரிந்தது.

மேலே இருந்த சில நிமிடங்கள் அருமையாக இருந்தன. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. இறங்கும்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வீசியது. உறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, கயிறுகள் விறைத்தன, கூடை பக்கவாட்டில் இழுபட்டது. கீழே நின்ற ஊழியர் முழங்காலை மடக்கும்படி ஆங்கிலத்தில் கத்தினார். மாமியார் அவர் முகத்தையே பார்த்தபடி கட்டைபோல் விறைத்து நின்றார். கூடை தரையில் மோதியது. மாமியார் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. என் தோளைப் பற்றியிருந்த விரல்கள்தான் சொல்லின. அதே நொடியில், பயணம் முடிந்துவிட்டது என்று நினைத்த என் மகள் கூடை விளிம்பில் ஒரு காலைத் தூக்கிப் போட்டிருந்தாள். இன்னொருவர் அவள் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

கணுக்கால் ஆறிவிட்டது. விளிம்பில் கிடந்த அந்தக் கால்தான் இன்றும் என்னைத் தூங்க விடவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். மூன்று நான்கு பேரை ஏற்றும் பலூன் உறை ஏறத்தாழ 2,200 கன மீட்டர் காற்றைக் கொள்ளும். உள்ளிருக்கும் காற்றை 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினாலும், நம் ஊர்க் காலைநேர வெப்பத்தில் அது தூக்கக்கூடிய மொத்த எடை, உறை, கூடை, எரிவாயு உருளை எல்லாம் சேர்த்து, அரை டன் அளவுதான். அதில் 65 கிலோ ஆள் ஒருவர் குதித்துவிட்டால் எட்டில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. மீதிப் பேரோடு பலூன் விருட்டென்று மேலே போகும்.

2013 பிப்ரவரி 26 அன்று எகிப்தின் லக்சரில் நடந்தது இதுதான். தரையிறங்கும் வேளையில் தீப்பிடித்தது. விமானியும் ஒரு பயணியும் குதித்துத் தப்பினார்கள். எடை குறைந்த பலூன் மற்றவர்களோடு உயரே போனது. 21 பேரில் 19 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 21 அன்று பிரேசிலின் பிராயா கிராண்டேயிலும் தீப்பிடித்தது, தரைக்கு அருகே வந்ததும் 13 பேர் குதித்துத் தப்பினார்கள், கூடையில் எஞ்சிய எட்டுப் பேரை பலூன் மறுபடி மேலே கொண்டுபோனது. நம் திடலில் அன்று தீ எதுவும் இல்லை, கயிறும் கட்டியிருந்தது. ஆனாலும் சொல்லும் முன் இறங்காதே என்ற ஒரு வாக்கியம் என் மகள் காதில் விழாமலேயே அவளைக் கூடையில் ஏற்றியிருந்தீர்கள்.

கயிறு கட்டியிருக்கிறதே, பயம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கயிறில்லாத பலூன் காற்றோடு சேர்ந்தே போவதால் கூடையில் நிற்பவருக்குக் காற்று வீசுவதே அநேகமாகத் தெரியாது. கட்டிவைத்த பலூனோ காற்றுக்கு எதிரே பாய்மரம்போல் நின்று முழு அடியையும் வாங்குகிறது. அதனால் கட்டிய பலூனுக்குக் காற்று இன்னும் அமைதியாக இருக்க வேண்டும். நம் மேற்குக் கரைக்கு இன்னொரு கவலையும் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் அடிக்கிறது. பலூனுக்கு ஏற்ற நேரம் என்று நாம் தேர்ந்தெடுப்பதும் அதே விடியற்காலைதான். அந்த மாதங்களில் அனுமதி கேட்டு வரும் விண்ணப்பத்தை இரண்டு முறை படியுங்கள்.

காற்றால் ரத்தானால் பணம் திரும்பக் கிடைக்காது என்று டிக்கெட்டில் அச்சிட்டிருந்தீர்கள். இருட்டிலிருந்து வரிசையில் நிற்கும் குடும்பங்களிடம் "இன்று இல்லை" என்று சொல்ல வேண்டிய விமானியின் நிலையை நினைத்துப் பாருங்கள். முழுப் பணத்தையும் திருப்பித் தருவோம் என்று அச்சிட்டால், அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்காது. துருக்கியின் கப்படோக்கியாவில் காற்று சரியில்லையென்றால் அதிகாரிகளே அன்றைய பறப்புகள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் கணவரோடு அங்கே பறந்திருக்கிறேன். எங்கள் விமானிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனாலும் கிளம்பும் முன் கூடைக்குள் எல்லாரையும் திரும்பி நிற்கச் சொல்லி, தன் முழங்காலை மடக்கிக் காட்டி, எங்களையும் மடக்கவைத்து, ஒருவர் சரியாகச் செய்யவில்லை என்று மறுபடி செய்யவைத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கொரியர், அரேபியர், தமிழர் எல்லாருக்கும் புரிந்தது. பல மொழி பேசுகிறவர்கள் வருகிற திடலில் அதைச் செய்ய நமக்கு எது தடை?

அனுமதி வழங்குகிறவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2016 ஜூலை 30 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், லாக்ஹார்ட் என்ற ஊருக்கு அருகே, பலூன் ஒன்று மின்கம்பியில் மோதி 16 பேர் இறந்தார்கள். பறக்கவே கூடாத அளவுக்கு மருந்துகளின் பிடியில் அந்த விமானி இருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. பலூன் ஓட்டுகிறவருக்கு மருத்துவச் சான்றிதழ் தேவை என்று அங்கே அன்று விதியே இல்லை. அந்த விதி வெளிவர 2022 ஆகிவிட்டது. விபத்து நடக்கும்வரை காத்திருந்து விதி எழுதும் வழக்கம் நமக்கு வேண்டாம். அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனையைச் சேருங்கள்: மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கிலும் பாதுகாப்பு விளக்கம் சொல்ல வேண்டும், முழங்காலை மடக்கிப் பழகாத எவரையும் கூடையில் ஏற்றக் கூடாது.

தமிழில் எழுத ஆள் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நானே எழுதிவிட்டேன்:

"இறங்கும்போது கூடை இடிக்கலாம், இழுபடலாம், சாயவும் செய்யலாம். பயப்பட வேண்டாம். இரண்டு கால்களையும் சேர்த்து வையுங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரண்டு கைகளாலும் பிடியுங்கள். கையோ காலோ வெளியே போகக் கூடாது. விமானி உங்களைப் பார்த்து இறங்கச் சொல்லும்வரை இறங்காதீர்கள். நீங்கள் இறங்கிவிட்டால் உள்ளே இருப்பவர்களோடு பலூன் மேலே போய்விடும்."

நிதானமாக வாசித்தால் அரை நிமிடம்தான் ஆகிறது. மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். மாவுக்கட்டுக் காலை நாற்காலியில் நீட்டியபடி கேட்டுவிட்டு, "இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் மடக்கியிருப்பேனே" என்றார். பிறகு, அடுத்த விழா எப்போது என்று கேட்டார்.

நீங்கள் கேட்டால் ஒலிப்பதிவும் செய்து தருகிறேன். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஓர் ஆசிரியை